பத்து அல்லது பதினைந்து

முதல் போல்ட் கழன்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை, சத்தத்திலேயே தெரிகிறது. முதலில் ஒரு முனகல், பிறகு கிடுக்கென்று ஒரு விடுபடல், பிறகு ஸ்பானர் சும்மா சுற்றும் ஓசை. ஒன்பதாவது ஸ்லாபின் முதல் போல்ட். ஒரு ஸ்லாபுக்கு எட்டு போல்ட், இந்த முனையில் நான்கு, அந்த முனையில் நான்கு. ஒன்றைக் கழற்ற இரண்டு நிமிடம், கிரேன் பெல்ட்டை மாட்ட நான்கு நிமிடம். ஆக இருபது நிமிடத்தில் ஒன்பது மேலே போய்விடும், அடுத்த இருபதில் பத்து. இப்போது எட்டு ஐம்பது. எனக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்கிவிட்டது, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. எழுந்து நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எழுந்தால் ஃபோர்மேன் சவரிமுத்து திரும்பிப் பார்ப்பார், "என்ன மேடம்?" என்பார், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். சாய்ந்தே இருக்கலாம். எதிரே கட்டடம், துவாக்குடி சாலையிலிருந்து பார்த்தால் சாதாரண இரண்டு தளக் கட்டடம், தையல் பயிற்சி நிலையம் என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் வெளிறிய செவ்வகம். நிலம் குத்தகை முடிந்துவிட்டது. கட்டடம் இங்கிருந்து கிளம்பிப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போகிறது, பிரசவ ஆஸ்பத்திரியாக. அங்கே அஸ்திவாரம் போட்டுக் காத்திருக்கிறார்கள். கட்டடம் கிளம்பிப் போகிறது என்று சொன்னால் ஏழு வருடத்துக்கு முன் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. கூரைத் தகடுகள் போன வாரமே இறங்கிவிட்டன, நேற்று மாடித் தரையின் முதல் வரிசை எட்டு ஸ்லாபும் முழுசாக இறங்கின, ஒரு மூலைகூட உடையவில்லை.

எப்படி என்று யாராவது கேட்டால் நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துத்தான் சொல்வேன். இரண்டு ஸ்கேலை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளையுங்கள், எளிதாக வளையும், ஒன்றன்மேல் மற்றொன்று வழுக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டு வளையுங்கள், வளையாது. கீழே இரும்பு பீம், மேலே கான்கிரீட் ஸ்லாப். இரண்டும் வழுக்காமல் சேர்ந்து சுமந்தால் பாதி இரும்பு போதும். அதற்காக எல்லோரும் பீமின்மேல் இரும்புக் குமிழ்களை வெல்டிங் செய்து, அவற்றைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடுவார்கள். அதோடு அந்த இரண்டும் சாகும்வரை சேர்ந்தே இருக்க வேண்டியதுதான், பிரிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். நான் குமிழை எடுத்துவிட்டேன். ஸ்லாபை முன்னமே வார்த்து, அதற்குள் திருகு வெட்டிய குழாயைப் பதித்து, கீழிருந்து போல்ட்டால் பீமோடு பிடித்தேன். இறுக்கினால் ஒன்று, தளர்த்தினால் இரண்டு. ஒரு வெல்டிங் இல்லை, ஒரு சொட்டுப் பசை இல்லை. இந்த வாக்கியத்தை நான்கு ஊர்களில் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஒரு சொட்டுப் பசை இல்லை என்று சொல்லும்போது கையை லேசாக விரித்துக் காட்டுவேன், சோழி குலுக்கிப் போட்டவளைப்போல. எங்கேயாவது யாராவது, அப்படியா, நிச்சயமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். அதோ, கிரேனுக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் நம்பெருமாள் நிற்கிறார். சான்றிதழில் கையெழுத்துப் போட வந்தவர். அவர் போட்டால் இந்த முறையில் இன்னும் எத்தனையோ கட்டடம் எழும்பும். சான்றிதழிலும் அதே வாக்கியம் இருக்கிறது, நான்தான் எழுதிக் கொடுத்தேன், எல்லா இணைப்புகளும் போல்ட்டை நீக்கியதால் மட்டுமே பிரிந்தன என்று. இரண்டாவது போல்ட். மூன்றாவது. எல்லா இணைப்புகளும் அல்ல. நாற்பத்தெட்டு ஸ்லாபில் ஒரு ஸ்லாப், அதிலும் ஒரு முனை, பசையால் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்.

ஜெயசீலி அம்மாள் நல்ல பெண்மணி, பயிற்சி நிலையத்தின் மேற்பார்வையாளர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "மேடம், உங்க கட்டடம் பல்லைக் கடிக்குது" என்று மெதுவாகத்தான் போனில் சொன்னார். நேரில் போய்க் கேட்டேன். மாடியில் அறுபது தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடும்போது தரையில் எங்கேயோ 'டிக்', ஒரு நிமிடம் கழித்து 'டிக்'. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போல்ட்டின் துளை போல்ட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிது, பூட்டவும் கழற்றவும் அந்த இடம் வேண்டும், அதிர்வில் ஸ்லாப் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் நகர்ந்து உட்காருகிறது. ஆபத்து ஒன்றுமில்லை. சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "அது சரிங்க மேடம், நாங்க கீழ விழும்போதும் இப்படித்தான் படம் போட்டுக் காட்டுவீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபிறகுதான் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்டது. கணக்கைத் திரும்பப் போட்டேன், சரியாக இருந்தது. இன்னொரு முறை போட்டேன், சரியாகவே இருந்தது. சரியாக இருக்கும் கணக்கை எத்தனை முறை போட்டாலும் பயம் போவதில்லை, தவறான கணக்கு என்றால் திருத்தியாவது வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், நிலையத்தில் யாருமில்லை, டைல் ஒட்டுகிற ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு டப்பா எப்பாக்ஸி. பெயிண்ட் வாளியில் ஊற்றிக் குச்சியால் நானே கலக்கினேன், அந்த மீன் வாடை இரண்டு நாள் கையில் இருந்தது. சத்தம் வந்த முனையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆப்பு வைத்துத் தாள் தடிமனுக்கு இடைவெளி உண்டாக்கி, பசையைத் தள்ளி, ஆப்பை எடுத்து மறுபடி இறுக்கினோம். திங்கட்கிழமை சத்தம் இல்லை. ஜெயசீலி அம்மாள் போன் செய்து, "கட்டடம் தூங்கிடுச்சு மேடம்" என்றார். நான் வரைபடத்தில் அதைக் குறிக்கவில்லை. குறிக்க உட்கார்ந்தேன், பென்சிலைச் சீவினேன், அதுவரை நினைவிருக்கிறது.

ஒன்பதாவது ஸ்லாபின் எட்டு போல்ட்டும் வந்துவிட்டன. சவரிமுத்து எட்டையும் எண்ணிச் சாக்குப் பையில் போட்டு, பையை ஸ்லாபின் கொக்கியில் கட்டுகிறார். பை கட்டிய ஸ்லாபைத்தான் கிரேன் தொடலாம், பை கட்டாததைத் தொடக்கூடாது. இது நான் எழுதிய விதி. பொன்மலை ரயில்வே காலனியில் வீடு மாறும்போதெல்லாம் அம்மா கட்டிலைப் பிரித்து, அதன் திருகாணிகளைப் பழந்துணியில் முடிந்து அதே கட்டிலின் காலில் கட்டுவாள். அதிலிருந்து வந்த யோசனை, மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் சொன்னதில்லை. ஒருமுறை ஆட்டம் கொடுக்கிறதென்று அப்பா கட்டிலில் ஆணி அடித்துவிட்டார், அடுத்த மாற்றலில் ரம்பம் வைத்து அறுக்கவேண்டி வந்தது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். ஒன்பது எழும்புகிறது. பீமைவிட்டுப் பிரியும்போது மண் உதிர்கிறது, ஒரு டன்னுக்குச் சற்றே அதிகமான எடை, கிரேனின் அளவுகாட்டியில் நேற்றைய எட்டுக்கும் வந்த அதே எண்தான். ஸ்லாப் காற்றில் மெதுவாகத் திரும்பி லாரியைப் பார்த்துப் போகிறது. நல்லதம்பி பீமின்மேல் நடந்து அடுத்த ஸ்லாபில் ஏறி நிற்கிறான். நாற்பது வயது, கயிறு கட்டுகிற ஆட்களிலேயே நிதானமானவன், இடுப்பில் பாதுகாப்பு வாரைப் பீமோடு கட்டாமல் ஒரு அடி வைக்கமாட்டான். கையில் கடப்பாரை. அது பத்தாவது ஸ்லாப். அவன் நிற்பது பத்தாவது ஸ்லாப்.

பத்தா என்பதுதான் கேள்வி. இரண்டாவது வரிசை, ஒன்பதிலிருந்து பதினாறு வரை. நான் ஒட்டியது இடமிருந்து இரண்டாவது. இடது என்பது நான் எங்கே நின்றேன் என்பதைப் பொறுத்தது. கீழ்த்தளத்தில் வாசல் வழியாக உள்ளே போனால் முகம் ஜன்னலைப் பார்க்கும், அப்போது இடமிருந்து இரண்டாவது பத்து. மாடிக்குப் படியேறினால் படி ஜன்னல் பக்கமாக முடிகிறது, முகம் வாசல் பக்கம் திரும்பிவிடும், அப்போது இடமிருந்து இரண்டாவது பதினைந்து. அன்று பசையைக் கீழிருந்து ஏணியில் ஏறித் தள்ளினேனா, மாடியில் மண்டியிட்டு மேலிருந்து ஊற்றினேனா. கீழிருந்து என்றால் கழுத்து வலித்திருக்க வேண்டும். மேலிருந்து என்றால் முழங்கால். கழுத்து வலித்தது, நினைவிருக்கிறது, இரவு ஒத்தடம் கொடுத்தேன். முழங்காலும் வலித்தது, திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற முடியவில்லை. இரண்டும் வலித்ததென்றால் இரண்டும் செய்திருக்கிறேன், கொஞ்சம் கீழிருந்து, கொஞ்சம் மேலிருந்து, ஆனால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இடது என்று மனதில் குறித்தேன். வாழ்க்கை முழுதும் வரைபடம் படித்தவள், வடக்கு எது என்று போடாத ஒரு படத்தை மனதில் வைத்திருக்கிறேன். நேற்று மாலை ஆட்கள் கைகால் கழுவப் போனபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே நின்று பார்த்தேன். பத்திலும் பதினைந்திலும் ஒரே சாம்பல் நிறம். சாவியால் சுரண்டினேன், உள்ளே பட்டிப் பூச்சு. பெயிண்டர்களுக்கு ஒரு இடைவெளியைக் கண்டால் பொறுக்காது, நாற்பத்தெட்டு ஸ்லாபின் எல்லா விளிம்பிலும் பட்டி பார்த்து வைத்திருக்கிறார்கள், அழகாக. அந்த டைல் ஆள் கத்தாருக்குப் போய்விட்டான். பழைய எண்ணுக்கு அடித்தேன், அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இரண்டு மொழியில் சொன்னாள்.

பத்தின் முதல் போல்ட் கழன்றுவிட்டது. இங்கேதான் எனக்கு அலுப்பாக இருக்கிறது, பயமாக என்று சொல்லமாட்டேன். பசை இருந்தாலும் போல்ட் நன்றாகக் கழலும். எட்டும் கழலும், சவரிமுத்து எண்ணுவார், பையில் போடுவார், பையைக் கட்டுவார். என் விதிப்படி அந்த ஸ்லாப் விடுபட்டது. கிரேன் இழுக்கும். ஒட்டாத முனை எழும்பும், ஒட்டிய முனை எழும்பாது. ஒரு முனையின் பரப்பையும் பசையின் பலத்தையும் பெருக்கினால் இருபது டன் வருகிறது, நேற்று வாழைப்பழம் சுற்றிவந்த காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். இந்த ஊரில் ஸ்லாப் வரவில்லையென்றால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், முப்பது வருடமாகப் பார்க்கிறேன். போல்ட் விட்டுப்போயிருக்கிறதா என்று கீழே போய்ப் பார்ப்பார்கள், இல்லை. அப்புறம் சிமெண்ட்டுப் பால் இறங்கிப் பிடித்திருக்கும் என்று முடிவு செய்வார்கள். ஒருவன் பிடித்துக்கொண்ட முனையில் ஏறி நின்று இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புவான், கிரேன்காரர் கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைக் கூட்டுவார். ஓவர்லோடு மணி அடிக்கும், அதை அணைத்துவிட்டு இன்னும் கொஞ்சம். பசை விடாது, பசைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தோலுரிந்து ஒரே நொடியில் விடும். அந்த நொடியில் ஒரு டன் ஸ்லாப் துள்ளும். நல்லதம்பியின் வார் பீமோடு கட்டியிருக்கும், அவன் கீழே விழமாட்டான். விழாமல் இருப்பதால், துள்ளும் ஸ்லாபுக்கும் பீமுக்கும் இடையே அவன் கால் இருக்கும். மூன்றாவது போல்ட்.

சொல்லாமல் தப்ப வழி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், பொய் சொல்வானேன். பத்தை விட்டுவிடுங்கள், பதினொன்றை முதலில் எடுங்கள் என்று சொல்லலாம். ஏன் என்று சவரிமுத்து கேட்கமாட்டார், மேடம் சொன்னால் காரணம் இருக்கும் என்பார், அவருடைய அந்த நம்பிக்கை இப்போது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. மதியம் பேராசிரியர் சாப்பிடப் போனபிறகு பத்தின் முனையை ரம்பத்தால் அறுத்துவிடலாம், கை தவறி உடைந்தது என்றால் போயிற்று. ஆனால் ஒட்டியது பதினைந்து என்றால், பத்தை அறுத்துவிட்ட நிம்மதியில் நான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், நல்லதம்பி பதினைந்தின்மேல் நிற்பான். இரண்டையும் விடச் சொல்லலாம். ஒன்று தற்செயல், இரண்டு தற்செயலாகாது, நம்பெருமாள் கேட்பார். கேட்டால் என்ன, தலையா போகும். தலை போகாது. வாக்கியம் போகும். அந்த வாக்கியம் இல்லாமல் நான் யார் என்று யோசித்துப் பார்த்தால், ஏழு வருடத்துக்கு முன்பும் யாரோவாகத்தான் இருந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். "டீ சொல்லட்டுமா புனிதவதி?" நம்பெருமாள்தான், எப்போது அருகில் வந்தார். வேண்டாம் சார் என்கிறேன். "நேத்து எட்டும் வந்த அழகைப் பார்த்தேளா, வெண்ணெயில கத்தி போட்ட மாதிரி" என்கிறார். "நான் ராத்திரியே பாதி எழுதிட்டேன். மீதியை இன்னிக்கு ஒரு வரிசை பார்த்துட்டு முடிச்சுடலாம்." ஐந்தாவது போல்ட். ஆறாவது, அது கொஞ்சம் முனகியது. முனகினால் பசையா. இல்லை, பசைக்கும் போல்ட்டுக்கும் சம்பந்தமில்லை, துரு. வந்துவிடும் என்றுகூட நினைத்துப் பார்க்கிறேன். பதினைந்தாக இருந்தால் பத்து வெண்ணெயாக வரும், இன்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும், இதே நாற்பது நிமிடம் மறுபடி. சரிபாதி வாய்ப்பு. என் கணக்கில் சரிபாதியில் எதையும் நிற்கவிட்டதில்லை, ஒரு கைப்பிடிச் சுவரைக்கூட.

ஏழு. எட்டு. சவரிமுத்து பையைக் கட்டுகிறார். பெல்ட் மாட்டுகிறார்கள். நல்லதம்பி நான்கு பெல்ட்டையும் காலால் தட்டிப் பார்க்கிறான், கடப்பாரையைக் கைமாற்றிக்கொண்டு அந்த முனையில் போய் நிற்கிறான். சவரிமுத்து கிரேன்காரருக்குக் கையைத் தூக்குகிறார், பெல்ட்டின் தொய்வு நீங்குகிறது, இப்போது அது நேர்க்கோடு. நான் எழுந்துவிட்டேன், நாற்காலி பின்னால் விழுந்தது. "சவரிமுத்து, நிறுத்துங்க" என்கிறேன். கத்தவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது. தூக்கிய கையை அப்படியே முஷ்டியாக மடக்கினார், கிரேன் நின்றது. "என்ன மேடம்?" "நல்லதம்பியை இறங்கச் சொல்லுங்க. பெல்ட்டைத் தளர்த்துங்க." அவர் காரணம் கேட்கவில்லை, முதலில் அவனைப் பீமுக்கு வரச்சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். வந்ததும் சொன்னேன், மேடையில் சொல்கிற குரலிலேயே வந்தது, வேறு குரல் கைவசம் இல்லை. "இந்த வரிசையில ஒரு ஸ்லாபை ஒரு முனையில எப்பாக்ஸி போட்டு ஒட்டியிருக்கேன். பத்து, இல்லைன்னா பதினஞ்சு. எதுன்னு எனக்கு நினைவில்லை." "போல்ட்டோடயா?" "போல்ட்டோட." "அப்ப பை கட்டினது கணக்கில்ல" என்றார் சவரிமுத்து, குற்றம் சொல்லும் தொனியில் அல்ல, சரிபார்க்கும் தொனியில். "கணக்கில்ல" என்றேன். நம்பெருமாள் குடையை மடக்கினார், வெயிலில் நின்றுகொண்டே மடக்கினார். "எப்ப ஒட்டினது?" "கட்டி நாலாவது மாசம்." "நேத்து தெரியுமா உங்களுக்கு?" "தெரியும் சார்." அவர் கையிலிருந்த தாள்களில் ஒன்றைத் தனியாக எடுத்தார், பாதி எழுதியது, அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. "இதை வேற மாதிரி எழுதணும்" என்றார், "எப்படி எழுதறதுன்னு இப்ப தெரியலை. நீங்க முதல்ல எழுதிக் கொடுங்கோ, தேதியோட, எல்லாத்தையும்." சரி என்றேன். சவரிமுத்து அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விட்டார். பத்தையும் பதினைந்தையும் இரண்டு முனையிலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு புது ஸ்லாப் வார்த்துக் காயவைத்துப் பச்சைமலைக்கு அனுப்ப மூன்று வாரம் ஆகும், மற்றதெல்லாம் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்து ஒரு நூல் அளவு எழுப்பிப் பார்த்துவிட வேண்டும், மேடம் ஒன்று என்று சொன்னாலும். மேடம் ஒன்று என்று சொன்னாலும் என்பதை அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அது சரிதான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நல்லதம்பி ஏணி வழியாக இறங்கி வந்தான், வாரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு. "என்ன மேடம், கை வேகமா ஓடிட்டு இருந்துது. மத்தியானத்துக்குள்ள வரிசையை முடிச்சிருப்போம்ல" என்றான். "அது வராது நல்லதம்பி, ஒட்டியிருக்கு" என்றேன். "யாரு ஒட்டினது?" "நான்தான்." அவன் தலையைத் திருப்பி மேலே பார்த்தான், இப்போது யாருமில்லாத அந்த முனையை. "நீங்க ஒட்டினதா" என்றான். "அப்ப லேசுல விட்டிருக்காது." விட்டிருக்காது என்றேன்.